ஸ்டாருக்குப் பணம் உண்டு, கல்லறைக்கு இல்லையா?

கேள்வி: சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக் கிராமம். பல வருடங்களாகச் சென்னையில் இருக்கிறேன். வெளியூரில் இருக்கும் நாங்கள் சேர்ந்து, இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கோயில் முகப்பில் பெரிய ஸ்டாரும் சீரியல் லைட்டும் போடப் பணம் திரட்டினோம். ஊரில் இருக்கும் பெரியவர்கள் அதில் பாதியைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கேட்கிறார்கள். புதர் மண்டிவிட்டதாம், மதில் இடிந்துவிட்டதாம். பிறப்பைக் கொண்டாடும் நேரத்தில் சாவை ஏன் நினைவுபடுத்த வேண்டும்?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: பெரியவர்கள் பாதிதான் கேட்டிருக்கிறார்கள். நானாக இருந்தால் முழுவதையும் கேட்டிருப்பேன்.

டிசம்பர் 24 சாயங்காலத் திருவிழிப்புப் பூசைக்கு என்ன நற்செய்தி குறித்திருக்கிறது, தெரியுமா? மத்தேயு முதல் அதிகாரம். ஆபிரகாமில் ஆரம்பித்து யோசேப்பு வரைக்கும் பெயர், பெயர், பெயர். பதினான்கு பதினான்காக மூன்று கட்டு. டிசம்பர் 17 அன்றும் இதே வாசகம்தான். நீளமாக இருக்கிறதென்று பல கோயில்களில் 24ஆம் தேதி சுருக்கி வாசிக்கிறார்கள். அதற்கு அனுமதியும் உண்டு. ஆனாலும் முழுதாகக் கேட்டுப் பாருங்கள். யோசேப்புக்கு முன்னால் வரும் அத்தனை பேரும் மண்ணுக்குள் போனவர்கள். ஊர் வாய்க்குப் பயந்து இன்னொருவர் விட்டிருக்கக்கூடிய தாமாரையும் இராகாபையும்கூட மத்தேயு விடவில்லை. செத்தவர்களின் பெயரையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் குழந்தை பிறக்கிறது.

உங்கள் மாவட்டத்தையே பாருங்கள். கோட்டாறு சவேரியார் கோயிலில் டிசம்பர் 3-க்கு ஊரே திரளுகிறதே, அது அவர் பிறந்த நாளா? 1552-இல் சீனக் கரைக்குப் பக்கத்தில் சான்சியான் தீவில் அவர் இறந்த நாள். அப்புறம் 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை. கட்டிய ஸ்டாரைக் கழற்றக்கூட இல்லை, கடல் ஊருக்குள் வந்துவிட்டது. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஏன் மெழுகுதிரியோடு வரிசையாக நிற்கிறார்கள் என்று அந்தக் கரைக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் வளர்ந்த ஊரில் அக்டோபர் கடைசி வாரமே மண்வெட்டிகள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடும். புல் செதுக்கி, மேடு சரிந்த இடத்தில் வெள்ளை மணல் கொட்டி, சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். என் பாட்டிக்கு எழுத்து தெரியாது. நவம்பர் மாதப் பூசையில் வேண்டிக்கொள்வதற்காக இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுக்க என்னைத்தான் உட்கார வைப்பாள். நோட்டுத் தாளைக் கிழித்து, அவள் சொல்லச் சொல்ல எழுதுவேன். தாத்தா, தாத்தாவின் அப்பா, கடலுக்குப் போய்த் திரும்பாத பெரியப்பா. கடைசியில் ஒரு நொடி நிறுத்திவிட்டுச் சொல்வாள்: "பேரு வைக்காத பிள்ளைன்னு எழுது மக்கா." பிறந்த அன்றே போய்விட்ட அவளுடைய முதல் குழந்தை. அப்படி ஒரு பெயரை எப்படி எழுதுவது என்று முதல் வருடம் நான் கேட்டேன். "எழுது. சாமியாருக்குத் தெரியலேன்னாலும் ஆண்டவருக்குத் தெரியும்" என்றாள்.

ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பிள்ளைகளைத் தனியாக ஓர் ஓரத்தில் புதைப்பது அந்தக் காலப் பழக்கம். அங்கே சிலுவை கிடையாது, மேடும் கிடையாது. கல்லறைத் திருநாளான நவம்பர் 2 சாயங்காலம் எல்லாரும் அவரவர் கல்லறையில் திரி கொளுத்தும்போது, பாட்டி மதில் ஓரமாகப் போய் வெறும் மணலில் உட்காருவாள். கடற்காற்றில் திரி நிற்காது. அதனால் மடியிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்து, அதற்குள் திரியை நிறுத்திக் கொளுத்துவாள். அந்த இடம்தான் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அதே பாட்டிதான் டிசம்பர் பிறந்ததும் குடிலுக்குப் புல் வேண்டுமென்று தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு விதைப்பாள். குழந்தை சுரூபத்தை வைக்கோலில் கிடத்துகிற வேலையை வேறு யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டாள். பிறப்பு வேறு, சாவு வேறு என்று அவளிடம் போய்ச் சொல்லியிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்?

சரி, பணத்துக்கு வருவோம். கடற்கரைப் பங்குக் கோயில்கள் பலவற்றில் கல்லறைக்கு இடம் போதாது. சில வருடங்கள் போனதும் அதே குழியைத் திறந்து, பழைய எலும்புகளை ஒதுக்கிவிட்டு அடுத்தவரை வைக்கிறார்கள். வசதி உள்ளவர்கள் கிரானைட் பதித்துப் பெயர் வெட்டிக்கொள்கிறார்கள். மற்றவர்களின் பெயர் பங்கின் இறப்புப் பதிவேட்டிலும் ஊரில் மிச்சமிருக்கிற நாலைந்து கிழவிகளின் வாயிலும்தான் இருக்கிறது. புதரை வெட்ட அங்கே இளவட்டம் இல்லை. நீங்கள்தான் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிறீர்களே. பெரியவர்கள் உங்களிடம் கேட்பது அந்த வெட்டுக்கூலியை.

ஆகவே பாதியைக் கொடுங்கள், நிபந்தனை போடாமல் கொடுங்கள். உபயம் இன்னார் என்று மதிலில் பெயர் எழுதச் சொல்லாதீர்கள். ஒன்றே ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இடிந்த மதில் சுற்றுமதிலா, நடுமதிலா? கல்லறைக்குள்ளும் சாதி பிரித்துச் சுவர் வைத்த ஊர்கள் நம்மிடம் உண்டு. நடுமதில் என்றால் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். இடிந்தது இடிந்ததாகவே இருக்கட்டும்.

ஸ்டாரும் போடுங்கள், நான் அதற்கு எதிரி இல்லை. இருட்டில் கடலிலிருந்து திரும்புகிறவனுக்கு அது தெரிந்தால் அவன் மனசும் நிறையும். அளவில் கொஞ்சம் சிறியதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த வருடம் பூசைக்கு நேரே காரில் போய் இறங்காமல், 24ஆம் தேதி வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குப் போய்விடுங்கள். உங்கள் அம்மாவையோ சித்தியையோ கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி, யார் யார் எங்கே என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். பெயர் இல்லாதவர்களையும் எழுதுங்கள். டிசம்பரில் அங்கே காற்று இருக்கும். மெழுகுதிரியோடு இரண்டு சிரட்டையும் எடுத்துப் போங்கள்.