மத நம்பிக்கை வேறான ஆட்களோடு ஒரே வாட்ஸ்அப் குழுவில் சண்டையில்லாமல் இருப்பது எப்படி?

நீங்கள் கேள்வியில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "எங்கள் குழுவில் எல்லா மதத்தினரும் இருக்கிறார்கள், கடவுள் இல்லை என்பவர்களும் இருக்கிறார்கள். எதைப் பேசினாலும் சண்டையில் முடிகிறது. எப்படி ஒத்துப்போவது?" என்ன குழு, எதற்காக ஆரம்பித்தது என்று ஒன்றும் இல்லை. அதனால் நானே ஊகித்துக்கொள்கிறேன். ஒன்று, குடியிருப்புக் குழுவாக இருக்கும். இல்லையென்றால் கூடப் படித்தவர்கள் குழு. நேற்றோ முந்தாநாளோ யாரிடமோ நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, வெளியேறிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது என்று உங்களுக்கு யாராவது பதில் எழுதுவார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு குரூப்பை ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது. 2019-லிருந்து ஓட்டிக்கொண்டிருப்பதால் சொல்கிறேன்.

வடசென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெரு. அந்த வருடக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வற்றிப்போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அடி பம்பை எவ்வளவு அடித்தாலும் காற்றுதான் வந்தது. மெட்ரோ வாட்டர் லாரி வந்து தெருமுனை சின்டெக்ஸ் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போகும், அதற்குள் குடத்தோடு போய் நிற்க வேண்டும். நான் பிளவுஸ் தைப்பவள். வாசல் ஓரமாக மெஷினைப் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதால் லாரி திரும்புவது முதலில் என் கண்ணில்தான் படும். அதனால் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு குரூப்பை ஆரம்பித்து என்னை அட்மின் ஆக்கிவிட்டான். குரூப் பெயர் 'தண்ணி லாரி'. இன்று வரை அதே பெயர்தான்.

அதில் யார் யார் என்று கேட்டால், ஆடி மாதம் கூழ் ஊற்றும் கமிட்டிக்காரர்கள், ஜமாத்தில் பொறுப்பில் இருக்கும் பாய், ராயபுரம் புனித பேதுரு கோயிலுக்குப் போகிறவர்கள், பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் (இந்த இரண்டு தரப்புக்கும் ஆகாது, அது தனிக் கதை), வீட்டில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும் தவிர வேறு படம் வைக்காதவர்கள், நெற்றியில் குங்குமம் இல்லாமல் படி இறங்காத ஒரு அண்ணன், அப்புறம் என் வீட்டுக்காரர். அவர் கருப்புச் சட்டை. நானோ பௌர்ணமி என்றால் மேலூர் திருவுடையம்மன், ஒற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயல் கொடியிடையம்மன் மூன்று பேரையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவேன். செவ்வாய்க்கிழமை மனசு சரியில்லை என்றால் அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் கோயில். வீட்டுக்காரர்தான் வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். நான் வரும்வரை டீக்கடையில் நின்று பேப்பர் படிப்பார். இத்தனை வருடத்தில் அவரும் உள்ளே வந்ததில்லை, நானும் கூப்பிட்டதில்லை.

2020 ஏப்ரலில்தான் எங்கள் குரூப் உடையப் பார்த்தது. ஊரடங்கு நேரம். டெல்லியில் நடந்த தப்லீக் ஜமாத் மாநாட்டைச் சாக்கிட்டு, முஸ்லிம்கள் வேண்டுமென்றே கொரோனாவைப் பரப்புகிறார்கள் என்று ஆடியோவும் வீடியோவுமாக வந்து விழுந்துகொண்டிருந்தது. எங்கள் குரூப்பிலும் ஒன்று வந்தது. பாய் வண்டியில் பழம் வாங்காதீர்கள், எச்சில் தடவி விற்கிறார்கள் என்று ஒரு ஆடியோ. எங்கள் தெருவில் பழ வண்டி தள்ளுகிற பாய் ஒருவர்தான். அவர் மகனும் குரூப்பில் இருக்கிறான். எல்லோரும் கேட்டுவிட்டார்கள் என்று தெரிகிறது, ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் எதிர்வீட்டு ஆயா ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டது. ஆயாவுக்கு எழுத வராது. பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டுகிற பக்தி. அந்த மெசேஜை நான் இன்னும் அழிக்கவில்லை: "டேய், நீ இன்னா அங்க குந்திக்கினு பேசிக்கினு கீற? காலைல வண்டி வந்துச்சு. ஒரு சீப்பு வாழப்பழம் வாங்கினேன். கைய கழுவினேன். பழத்த கழுவினேன். நீ மொதல்ல உன் வாய கழுவு."

ஆடியோவைப் போட்டவர் எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் சிறுசேரிப் பக்கம் ஃபிளாட் வாங்கிக்கொண்டு போய்ப் பல வருடம் ஆகிறது. ஆயா 'அங்க' என்று சொன்னதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. குரூப்பில் மேலே போய்ப் பழைய சண்டைகளை எல்லாம் பார்த்தேன். தைக்க வேலை இல்லாத மாதம், நேரம் இருந்தது. மதத்தை வைத்து ஆரம்பித்த சண்டைகளில் முக்கால்வாசி, தெருவை விட்டுப் போனவர்கள் பற்றவைத்தது. துபாயில் ஒருவர், மறைமலைநகரில் ஒருவர், சிறுசேரிக்காரர். இதில் எல்லா மதமும் உண்டு, ஒரு பக்கம் மட்டும் சொல்லவில்லை. தெருவில் இருப்பவர்களுக்கும் மனதுக்குள் ஆயிரம் இருக்கும். ஆனால் விடிந்தால் அதே தொட்டியில் குடத்தை வைத்துக்கொண்டு எதிரில் நிற்க வேண்டும், அதனால் வாயை அளந்து பேசுவார்கள். போனவர்களுக்கு அந்தக் கவலை கிடையாது. கொளுத்திப் போட்டுவிட்டு ஆபீஸ் மீட்டிங்குக்குப் போய்விடுவார்கள், இங்கே இரண்டு வீடு ஒரு மாதம் பேசிக்கொள்ளாது.

அதனால் நான் செய்தது இதுதான். தெருவில் வாசல் இருப்பவர்களுக்கு மட்டும் 'தண்ணி லாரி'. போனவர்களுக்கு 'பழைய தெருக்காரங்க' என்று தனி குரூப், அதற்கும் நானே அட்மின். அங்கே பள்ளிக்கூட போட்டோ போடலாம், கல்யாணப் பத்திரிகை போடலாம், சண்டையும் போட்டுக்கொள்ளலாம்.

இதைப் படித்ததும் சில பேருக்குக் கோபம் வரும் என்று தெரியும். "பிறந்த மண்ணை விட்டுப் போனால் உரிமை போய்விடுமா?" என்று துபாய்க்காரர் அப்போதே கேட்டார். உரிமை எங்கேயும் போகவில்லை. தெருவுக்கு வந்தால் என் வீட்டில்தான் காபி குடிக்கிறார். வெளியூரில் இருப்பவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்றும் நான் சொல்லவில்லை, என் தம்பியே பெங்களூரில்தான் இருக்கிறான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பிறந்த மண் என்று குரூப்பில் இவ்வளவு உருகுகிறவர்கள், வெளியில் சொந்த ஊர் எது என்று கேட்டால் ஏன் "சென்ட்ரல் பக்கம்" என்கிறார்கள்? வண்ணாரப்பேட்டை என்று சொல்ல வாய் வருவதில்லை. என் பெண்ணுக்கு வரன் பார்த்தபோது நகரத்தின் தெற்குப் பக்கமிருந்து வந்த குடும்பம், "அங்கே ராத்திரி எட்டு மணிக்கு மேல் வரலாமா?" என்று என்னிடமே கேட்டது. மெட்ரோ ரயில் 2019-ல் வண்ணாரப்பேட்டைக்கு வந்து, 2021-ல் விம்கோ நகர் வரைக்கும் போய்விட்டது. இன்னும் இந்தக் கேள்வி. சினிமாக்காரர்களுக்கு ஒரு கத்தி, ஒரு குத்துப்பாட்டு, ஒரு மீன் கூடை இருந்தால் எங்கள் ஏரியா ரெடி. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிய காசிமா எங்கள் பக்கத்துப் பெண், ஆட்டோ ஓட்டுகிறவர் மகள். அதைச் சொன்னால் "ஓ, அப்படியா" என்று டீயை வைத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அந்த வரன் போனதே நல்லது, அதை விடுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆட்களைப் பிரித்துவிட்டால் மட்டும் சண்டை நின்றுவிடாது. ஒரு பக்ரீத் சமயம் குங்குமக்கார அண்ணன் ஒரு மெசேஜ் போட்டார்: "இவங்க எப்பவுமே இப்படித்தான், கேக்க ஆள் இல்லன்னு நெனப்பு." அவ்வளவுதான். உடனே அந்தப் பக்கமிருந்து இரண்டு பேர், இந்தப் பக்கமிருந்து இரண்டு பேர். நான் குரூப்பை அட்மின் மட்டும் எழுதுகிற மாதிரி பூட்டிவிட்டு அவருக்கு போன் போட்டேன்.

"அண்ணே, இவங்கன்னு போட்டிருக்கீங்களே, யாரு?"

"அதான்மா, தெரியாத மாதிரி கேக்கற."

"நெஜமாவே தெரியல. எந்த வீடு?"

"மூணாவது வீடு. ஆட்ட பம்பு கிட்டயே கட்டி வெச்சிருக்கான். புழுக்க மேல கால வெச்சிதான் தண்ணி அடிக்க வேண்டியிருக்கு."

"அப்ப அதையே போடுங்கண்ணே."

முணுமுணுத்தார். ஆனாலும் பழையதை அழித்துவிட்டு, பூட்டைத் திறந்ததும் இப்படிப் போட்டார்: "மூன்றாவது வீட்டு ஆடு பம்பு பக்கத்தில் கட்டியிருக்கிறது. புழுக்கை. நடக்க முடியவில்லை." கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுப் பையன் துடைப்பத்தோடு வந்தான். ஆட்டை மாடிப்படிக்குக் கீழே மாற்றிக் கட்டினான். பண்டிகையன்று பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, கழுவிய போட்டோவையும் குரூப்பில் போட்டான். அண்ணனுக்கு முஸ்லிம்கள் மேல் இருக்கிற அபிப்பிராயம் மாறிவிட்டதா என்றால் இல்லை. அதை மாற்றுவது என் வேலையும் இல்லை. பம்படிக்குப் போக வழி கிடைத்தது.

அன்றிலிருந்து புகார் என்றால் என்ன, எங்கே, எத்தனை மணிக்கு, இந்த மூன்று மட்டும்தான் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் அதுதான். முழு இரவு ஜெபம் என்றாலும் சரி, மார்கழி பஜனை என்றாலும் சரி, ஸ்பீக்கர் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை கூடாது என்பது சட்டம், 2000-ல் வந்த ஒலி மாசு விதி. அதைச் சொல்லிக் கேட்கலாம். "உங்க சாமிக்குக் காது கேக்காதா" என்று கேட்கக் கூடாது. (இதைக் கேட்டது என் வீட்டுக்காரர்தான். அவரையும் ஒரு நாள் குரூப்பை விட்டுத் தூக்கினேன். அன்றைக்கு ராத்திரி வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.) கூழ், மீலாது, மாதா தேர் எதுவாக இருந்தாலும் பந்தல் தெருவின் எந்த முனையில், வண்டி எந்த வழியாகப் போக வேண்டும் என்று முன்கூட்டியே போட்டுவிட வேண்டும்.

ஃபார்வர்டு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். பல கைமாறி வந்த மெசேஜில் வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி போடுகிறது பாருங்கள், அது இருந்தால் படிக்காமலே அழித்துவிடுவேன். அட்மின் எல்லோருக்கும் சேர்த்து அழிக்கிற வசதி 2022-லேயே வந்துவிட்டது. அம்மன் 108 போற்றி வந்தாலும் அழிப்பேன். கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் அழிப்பேன், ஆனால் அழிப்பேன். ஒருவருக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் அடுத்த வாரம் அட்மின் பதவி போய்விடும்.

"எவனோ எதையோ போட்டால் போலீஸ் அட்மினைத்தான் பிடிக்கும்" என்று உங்களையும் யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வெறும் அட்மினாக மட்டும் இருந்தவரை வேறொருவர் போட்ட பதிவுக்காக வழக்கில் சேர்க்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. போட்டவருக்குத்தான் சிக்கல். இரண்டு பிரிவுக்கு நடுவில் பகை மூட்டினால் இப்போது பாரதிய நியாய சம்ஹிதா 196-வது பிரிவு. நான் வக்கீல் இல்லை, எங்கள் தெரு வக்கீல் தம்பி விளக்கிச் சொன்னதைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவை ஏதோ சொர்க்கம் மாதிரி எழுதிவிட்டேன் என்று யாரும் வர வேண்டாம். வாடகைக்கு வீடு கேட்டால் இங்கேயும் முதலில் பெயரைத்தான் கேட்கிறார்கள், பெயரில் புரியாவிட்டால் சாப்பாட்டைக் கேட்கிறார்கள். 2020 மே, ஜூனில் ராயபுரம் மண்டலத்தில்தான் சென்னையிலேயே தொற்று அதிகம். எங்கள் தெருவையும் தகரம் அடித்து மறைத்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட வீடுகளுக்கு மருந்தும் மளிகையும் வாங்கிக் கொடுத்தவர்களில் பழ வண்டி பாயின் மகனும் ஒருவன், குங்குமக்கார அண்ணனும் ஒருவர். இரண்டு பேருக்கும் அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் நின்றபோதும் அப்படித்தான். பள்ளிவாசலிலிருந்து பிரியாணி, சர்ச்சிலிருந்து பால் பாக்கெட், எல்லோரும் கட்டிப்பிடிக்காத குறை. தண்ணீர் வடிந்து பொங்கலுக்குள் பார்க்கிங் சண்டை வந்துவிட்டது. வெள்ளத்தில் ஒற்றுமையாக இருப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

உங்கள் குழுவில் முதலில், தினமும் நேரில் பார்த்துக்கொள்கிறவர்கள் யார், போனில் மட்டும் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். நேரில் பார்க்கிறவரோடு தகராறு என்றால் குரூப்பில் எழுதாமல் அவர் வாசலுக்குப் போங்கள். போனில் மட்டும் இருப்பவருக்குப் பதிலே போடாதீர்கள். அட்மினிடம் நான் சொன்ன மாதிரி தனி குரூப் கேட்டுப் பாருங்கள். அவர் ஒத்துவரவில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள், ஒன்றும் குடிமுழுகிவிடாது. இப்போது வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகிறது, ஊருக்கெல்லாம் தண்டோரா கிடையாது. ஆனால் அதற்கு முன் எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஆட்டோ அண்ணன் நம்பரையெல்லாம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் கோபித்துக்கொண்டு வெளியேறிய ஒருவர், மறுநாள் காலையிலேயே பிளம்பர் நம்பர் கேட்டு என் மெஷின் முன்னால் வந்து நின்றார்.