கிராஃபிக்ஸ் கார்டு புதிது, வேகம் மட்டும் பழையது: ஏன்?

கேள்வி: என் கணினியில் இன்டெல் கோர் ஐ5-7400 பிராசசரும், ஒரே ஸ்டிக்காக 8 ஜி.பி. ரேமும் உள்ளன. பழைய ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. கார்டைக் கழற்றிவிட்டு ஆர்.டி.எக்ஸ். 4060 வாங்கிப் போட்டேன். சைபர்பங்க் 2077 பார்க்க அழகாகிவிட்டது. ஆனால், நான் அதிகம் ஆடும் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-இல் எஃப்.பி.எஸ். (நொடிக்குத் திரையில் வரும் ஃபிரேம்கள், அதாவது படங்களின் எண்ணிக்கை) பெரிதாக ஏறவில்லை, சண்டை மூளும்போது திணறுகிறது. மானிட்டர் 1080பி, 144 ஹெர்ட்ஸ். கடைக்காரர் எஸ்.எம்.பி.எஸ்.ஸை (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியை) மாற்றச் சொல்கிறார். நண்பரோ இணையத்தில் ‘பாட்டில்நெக்’ (ஒரு பாகம் மற்றொன்றின் வேகத்தைத் தடுக்கும் நிலை) சதவீதம் கணக்கிட்டுப் பார்த்து, கார்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். கார்டில் குறையில்லை, அதற்கு வேலை கொடுக்கும் பிராசசர்தான் பின்தங்கிவிட்டது.

விளையாட்டின் ஒவ்வொரு ஃபிரேமுக்கும், உங்கள் மவுஸ் அசைவைப் படிப்பது, எதிரி நிற்கும் இடத்தைக் கணக்கிடுவது, சர்வரிலிருந்து வரும் தகவலைச் சேர்ப்பது, இறுதியில் எதை வரைய வேண்டும் என்று கார்டுக்குக் கட்டளையிடுவது ஆகிய அனைத்தும் பிராசசரின் வேலை. அந்தக் கட்டளைப்படி பிக்சல்களைத் தீட்டுவது கார்டின் வேலை. கார்டு ஒரு ஃபிரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே பிராசசர் அடுத்ததைத் தயார் செய்வதால், இரண்டில் எது அதிக நேரம் எடுத்துக்கொள்கிறதோ அதுவே உங்கள் எஃப்.பி.எஸ்.ஸைத் தீர்மானிக்கும். சித்தாள் கல் எடுத்துக் கொடுக்கும் வேகத்தைத் தாண்டிக் கொத்தனாரால் சுவர் எழுப்ப முடியாதல்லவா? நொடிக்கு 144 ஃபிரேம் வேண்டுமானால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6.9 மில்லி நொடிக்குள் முடிய வேண்டும். 2017-இல் வந்த, நான்கு கோர் (கணக்கிடும் மையம்), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலை வரிசை) மட்டுமே கொண்ட உங்கள் பிராசசரால், புகைக்குண்டும் துப்பாக்கிச் சூடும் ஒன்றாகச் சேரும் தருணத்தில் அந்தக் கெடுவுக்குள் முடிக்க முடிவதில்லை.

சைபர்பங்க்கில் நிலைமை வேறு. அங்கே ஒளி, நிழல், பிரதிபலிப்பு எனக் கார்டின் பங்கு மிகப் பெரியது. பழைய கார்டு அதில்தான் திக்கித் திணறியது. ஆகவே மாற்றம் உங்கள் கண்ணுக்கே தெரிந்தது. ஒரே கணினியில் ஒரு விளையாட்டில் கார்டும் இன்னொன்றில் பிராசசரும் தடையாக இருக்கும்போது, இரண்டுக்கும் சேர்த்து ஒற்றைச் சதவீதம் சொல்லும் இணையக் கணிப்பான்களை நான் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. ரெசல்யூஷனை மாற்றினாலே அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்: 1080பி-யில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள். 4கே-யில் அதைப்போல் நான்கு மடங்கு. பிராசசரின் வேலை அதனால் பெரிதாகக் கூடுவதில்லை; கார்டின் சுமை மட்டும் எகிறும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். எஃப்.பி.எஸ். வரம்பையும் வி-சிங்க்கையும் (எஃப்.பி.எஸ்.ஸை மானிட்டரின் வேகத்தோடு கட்டிவைக்கும் வசதி) அணைத்துவிட்டு, திரையில் கார்டின் பயன்பாட்டு அளவு தெரியும்படி வைத்து ஆடுங்கள். 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்டு முழுமூச்சாக உழைக்கிறது என்று பொருள். 50, 60 என்று தொங்கினால் பெரும்பாலும் அது பிராசசருக்காகக் காத்திருக்கிறது. பிறகு ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்குங்கள். அப்போதும் எஃப்.பி.எஸ். அசையவில்லை என்றால் ஐயமே வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் பிராசசரின் மொத்தச் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். மொத்தம் 70 என்று காட்டும்போதே ஏதாவது ஒரு கோர் மூச்சுமுட்டிக்கொண்டிருக்கலாம்.

எஸ்.எம்.பி.எஸ். பற்றி ஒரு வரி: 4060-இன் மின்தேவை 115 வாட்தான். மின்சாரம் போதாவிட்டால் கணினி திடீரென அணையும் அல்லது ரீஸ்டார்ட் ஆகும்; ஒரு விளையாட்டில் மட்டும் எஃப்.பி.எஸ். குறைந்து நிற்காது.

முதல் செலவு ரேமுக்கு. இன்னொரு 8 ஜி.பி. ஸ்டிக்கைப் போட்டால் அளவும் இரட்டிப்பாகும். டூயல் சேனலில், அதாவது இரு பாதைகளில் ஒருசேர, ஓடுவதால் பிராசசருக்குத் தரவு வந்துசேரும் வேகமும் கூடும். திணறலில் ஒரு பகுதி இதிலேயே குறையக்கூடும். சைபர்பங்க்கின் குறைந்தபட்சத் தேவையே 12 ஜி.பி. என்பதையும் கவனியுங்கள். அந்த விளையாட்டில் கூட்ட நெரிசலின் அளவைக் குறைத்தால் பிராசசருக்குச் சுமை குறையும். அதில் உள்ள ஃபிரேம் ஜெனரேஷன், கார்டே இடைப்பட்ட ஃபிரேம்களை உருவாக்குவதால் எண்ணிக்கையை உயர்த்திக் காட்டும். ஆனால் மவுஸ் அசைவுக்குத் திரை எதிர்வினையாற்றும் வேகம் அதனால் கூடாது. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-இல் அந்த வசதியே இல்லை.

அடுத்தது பிராசசர். உங்கள் மதர்போர்டில் ஏறக்கூடிய நல்ல பிராசசர் ஐ7-7700. நான்கு கோர், எட்டு த்ரெட். இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கும் சாக்கெட்டின் (பிராசசர் பொருந்தும் இடம்) பெயர் ஒன்றுதான் என்று யாராவது விற்க வந்தால் வாங்கிவிடாதீர்கள், உங்கள் போர்டு அதை ஏற்காது. அந்த ஐ7-ஐயும் மிக மலிவாகக் கிடைத்தாலொழிய நான் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இந்த இரண்டு பிராசசர்களுமே இல்லை.

கொஞ்சம் பணம் சேர்த்து, ரைசன் 5 5600 பிராசசரையும் பி550 மதர்போர்டையும் சேர்த்து வாங்குவதே என் யோசனை. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், உங்கள் டி.டி.ஆர். 4 ரேமையும் அப்படியே மாட்டலாம். கடையில் 5600-க்குப் பதிலாக விலை குறைந்த 5500-ஐ நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதன் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) 16 எம்.பி.தான், 5600-இல் இருப்பதில் பாதி. அத்தோடு அது பி.சி.ஐ.இ. (கார்டும் பிராசசரும் தரவு பரிமாறும் இணைப்பு) 3-ஆம் பதிப்பைத் தாண்டாது. அந்த இணைப்பில் எட்டு லேன்களை (தரவுப் பாதைகளை) மட்டுமே பயன்படுத்தும் 4060-க்கு பி.சி.ஐ.இ. 4 கிடைப்பதே நல்லது.