பட்டறை ஓனர் படுத்துவிட்டால் வீட்டுச் செலவுக்கு என்ன வழி?

கேள்வி: சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். கொஞ்ச நாள் வேலை செய்ய முடியாமல் போனால் குடும்பம் தடுமாறாமல் இருக்க என்ன செய்துவைக்க வேண்டும்?

கோவையில் லேத் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். நான் பார்த்தவரை மிஷினுக்கும் ஸ்டாக்குக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கும். லோன் கொடுக்கும்போதே பேங்க் கட்டச் சொல்லிவிடும். மிஷினை ஓட்டுகிற ஓனருக்குத்தான் ஒன்றும் இருக்காது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு லேத் ஓனருக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. ஆஸ்பத்திரி பில்லை மருத்துவக் காப்பீடு பார்த்துக்கொண்டது. ஆனால் கட்டுப் பிரிக்கும்வரை வாடகை, சனிக்கிழமைச் சம்பளம், லோன் தவணை எதுவும் நிற்கவில்லை. வழக்கமான ஜாப் ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போனது, போனது போனதுதான். ஈஎஸ்ஐ உள்ள இடத்தில் தொழிலாளிக்காவது விடுப்புக் காலத்தில் பணம் வரும். முதலாளிக்கு அதில் இடமில்லை.

அதனால் தனிநபர் விபத்துக் காப்பீடு எடுங்கள். எடுக்கும்போது, தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கு வாராவாரம் பணம் தரும் பிரிவு உண்டா என்று கேளுங்கள். பல பாலிசிகளில் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். நோய் வந்து படுத்தால் இது உதவாது. அதற்குக் கையிருப்புதான். வீட்டுச் செலவும் பட்டறையின் மாறாத செலவும் சேர்த்து ஆறு மாதத்துக்காவது வேண்டும் என்பது என் கருத்து. கல்லாவிலிருந்து தேவைப்படும்போதெல்லாம் எடுத்தால் அந்தத் தொகை எவ்வளவு என்றே தெரியாது. உங்களுக்கென்று ஒரு சம்பளம் வைத்து, மாதாமாதம் வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள்.

அடுத்தது டேர்ம் இன்ஷூரன்ஸ், அதாவது குறிப்பிட்ட வருடங்களுக்குள் நீங்கள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு. சுயதொழில் செய்பவருக்கு எவ்வளவு கவர் (காப்பீட்டுத் தொகை) கொடுக்கலாம் என்பதை வருமான வரி ரிட்டர்னை வைத்துத்தான் கம்பெனிகள் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் கவரும் குறையும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பழைய பிரீமியத்தை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ப்ரொப்ரைட்டர்ஷிப் (ஒரே ஆள் சொந்தமாக நடத்தும் தொழில்) என்றால் பட்டறைக் கடன் உங்கள் சொந்தக் கடன். நாளைக்கு நீங்கள் இல்லாதபோது வரும் இன்ஷூரன்ஸ் பணத்தின் மீதும் கடன்காரர்கள் உரிமை கோரலாம். 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் மனைவி, பிள்ளைகளுக்காகப் பாலிசி எடுத்தால் அது அவர்களுக்கான டிரஸ்ட் (அவர்களுக்கென்று ஒதுக்கிய சொத்து) ஆகிவிடும். கடன்காரர்களை ஏமாற்றவே எடுத்தது என்று நிரூபித்தால் தவிர அதில் யாரும் கைவைக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே அதற்கான படிவத்தைக் கொடுக்க வேண்டும். ஏஜென்ட்டுகள் இதைத் தாங்களாகச் சொல்வது அபூர்வம், நீங்களே கேளுங்கள்.

இதெல்லாம் முடிய நாளாகும். அதுவரை பேங்கில் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டங்களான ஜீவன் ஜோதி (ஆயுள் காப்பீடு, வருடம் 436 ரூபாய், வயது 18 முதல் 50), சுரக்ஷா (வருடம் 20 ரூபாய், விபத்துக்கு மட்டும்) இரண்டையும் போட்டுவிடுங்கள். இரண்டிலும் 2 லட்சம் கவர். மே மாதக் கடைசியில் பிரீமியம் பிடிப்பார்கள், கணக்கில் பணம் இருக்கட்டும்.

அப்புறம், பாக்கி. யாருக்கு என்ன வேலை செய்து கொடுத்தீர்கள், எவ்வளவு வர வேண்டும் என்பதை வாய்க்கணக்காக விடாதீர்கள். சலான் நம்பரோடு நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை மனைவியை உட்காரவைத்துக் காட்டுங்கள். பார்ட்டிகளின் போன் நம்பரும் அதே நோட்டில் இருக்கட்டும்.