பிழை வந்தும் பணம் ஏன் திரும்பவில்லை?

கேள்வி: எங்கள் கணக்கு மென்பொருள், நிறுவன மென்பொருள்களுக்கான ஜாவா கட்டமைப்பான என்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸில் எழுதப்பட்டது. ஒருவர் கணக்கில் 5,000 ரூபாய் பற்று எழுதிய பின், பெறுபவரின் கணக்கு முடக்கப்பட்டிருந்ததால் நாங்களே எழுதிய எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) எழுந்தது. டிரான்சாக்ஷனை, அதாவது முழுதும் நிறைவேற வேண்டிய அல்லது முழுதும் நீங்க வேண்டிய செயல்தொகுப்பை, நிரலை இயக்கும் சூழலான கன்டெய்னர் கவனித்துக்கொள்ளும் என்கிறார்களே, பற்று மட்டும் டேட்டாபேஸில் நிலைத்துவிட்டது ஏன்?
ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் எக்ஸெப்ஷன், ஜாவாவின் எக்ஸெப்ஷன் கிளாஸை நேரடியாக எக்ஸ்டெண்ட் செய்து, அதாவது அதன் உட்பிரிவாக, எழுதப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். ரன்டைம்எக்ஸெப்ஷனை எக்ஸ்டெண்ட் செய்திருந்தால் கன்டெய்னரே ரோல்பேக் செய்து, எழுதிய பற்றை நீக்கியிருக்கும். இது கன்டெய்னரின் கோளாறு அன்று, வரையறையே அப்படித்தான். இருப்பு போதாமை, கணக்கு முடக்கம் போன்றவை தொழிலில் வழக்கமாக எழும் நிலைமைகள் என்றும், அழைத்த நிரல் அவற்றைப் பிடித்து வேறு வழி கண்டு அதே டிரான்சாக்ஷனைத் தொடர விரும்பலாம் என்றும் கருதியே, அங்கு ரோல்பேக் வேண்டுமா என்னும் முடிவை நிரல் எழுதுபவரிடம் விட்டிருக்கிறார்கள்.

அந்த முடிவைத் தெரிவிக்க, என்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸின் 2006இல் வந்த 3.0 பதிப்பு முதல், எக்ஸெப்ஷன் கிளாஸின் மேல் அப்ளிகேஷன்எக்ஸெப்ஷன் என்ற அனொட்டேஷனை (நிரலில் இடும் குறிப்பை) இட்டு, ரோல்பேக் என்பதற்கு ட்ரூ என்று கொடுத்தால் போதும். அதற்கு முந்தைய பதிப்பென்றால், எக்ஸெப்ஷனை எறிவதற்கு முன் டிரான்சாக்ஷனை ரோல்பேக் செய்யும்படி குறிக்கும் செட்ரோல்பேக்ஒன்லி மெத்தடை (செயல்நிரலை) அழைக்க வேண்டும். பழைய நிரல் கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது இந்த ஒரு வரியைத்தான்.

இதைத் திருத்தியதும் வேறொரு சிக்கல் தலைகாட்டலாம். தோல்வியுற்ற முயற்சியைப் பதிவேட்டில் எழுதும் மெத்தட் இருந்தால், அந்தப் பதிவும் பற்றோடு சேர்ந்து அழிந்துபோகும். அந்த மெத்தடுக்குத் தனி டிரான்சாக்ஷன் வேண்டும் என்பதற்காக ரிக்வயர்ஸ்நியூ என்று குறித்திருந்தாலும், கன்டெய்னர் நிர்வகிக்கும் நிரல்கூறான பீன் ஒன்றில் அது இருக்க, அதே பீனுக்குள்ளிருந்து நேரடியாக அழைத்தால் பயனில்லை. கன்டெய்னர் பீனின் வாசலில், அழைப்புகளை இடையில் வாங்கி உள்ளே அனுப்பும் ப்ராக்ஸி வடிவில் நிற்கிறது. அழைப்பு அந்த வாசலைத் தாண்டி வந்தால்தான் புதிய டிரான்சாக்ஷனைத் தொடங்க முடியும். வீட்டுக்குள்ளேயே ஓர் அறையிலிருந்து மறு அறைக்குப் போகிறவரை வாசற்காவலர் எப்படி அறிவார்? ஆகவே பதிவெழுதும் மெத்தடைத் தனி பீனாக்கி, கன்டெய்னரே அதை எடுத்துத் தரும்படி இன்ஜெக்ட் செய்து அழையுங்கள்.

புதிய நிரலை நிறுவியதும், வரவில்லாமல் ஒற்றைப் பற்றாக நிற்கும் பழைய பதிவுகளைத் தேடியெடுத்து, உரியவர் கணக்கில் தொகையைத் திரும்ப வரவு வையுங்கள். நிரலைத் திருத்தியதால் அவை தாமாகச் சரியாகிவிடா. அந்த 5,000 ரூபாய்க்கு உரியவர் இன்னும் காத்திருக்கிறார்.