மூன்று கிண்ணம் சூப்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஊட்டியில் வசிக்கிறேன். அப்பா சேரம்பாடியில் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றதைக் கொண்டாட, அவரையும் அம்மாவையும் கோவையில் ஒரு பெரிய ஓட்டலின் ஜப்பானிய பஃபேக்கு அழைத்துப் போனேன். தலைக்கு 1,900 ரூபாய். அப்பா குச்சிகளை ஒதுக்கிவிட்டு சுஷியைக் கையாலேயே எடுத்துச் சாப்பிட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா சோயா விழுது கரைத்த மிசோ சூப்பை முகர்ந்துவிட்டு, "மாசி வாசம்" என்று ஏதோ சொன்னார். அதன்பிறகு மூன்று கிண்ணம் அந்தச் சூப்பை மட்டுமே குடித்தார். வேறு எதையும் தொடவில்லை. பணம் வீண். இத்தகைய இடங்களில் முறைப்படி எப்படிச் சாப்பிடுவது, கொடுத்த காசுக்கு நஷ்டமில்லாமல் எதை முதலில் எடுப்பது, சுஷியோடு வைக்கும் பச்சை விழுதான வசாபி ஏன் அப்படி மூக்கில் ஏறுகிறது என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

செ., ஊட்டி

அன்புள்ள செ.,

எங்கே சாப்பிடலாம், எப்படிச் சாப்பிடலாம் என்று கேட்கும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. அதைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் 'ஏதோ சொன்னார்' என்று ஓர் இடம் வருகிறது. அது என்னைத் தூங்கவிடவில்லை.

சில்லறைகளை முதலில் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் தின்றது பெரும்பாலும் அசல் வசாபியாக இருக்காது. குதிரைமுள்ளங்கியும் கடுகும் பச்சை நிறமும் சேர்த்த விழுதைத்தான் உலகம் முழுக்க அந்தப் பெயரில் வைக்கிறார்கள். கடுகு மூக்கில் ஏறாமல் வேறெங்கே ஏறும்? அப்பா விஷயத்தில் நீங்கள் கூசியிருக்கவே வேண்டாம். இன்று நாம் பார்க்கும் கைப்பிடி சுஷி 1820-களில் எடோ நகரத்துத் தெருக்கடைகளில் விற்ற தின்பண்டம். எடோ என்பது இன்றைய டோக்கியோ. நின்றபடி கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போவார்கள். இன்றும் அங்கே கையால் சாப்பிடுவது முறைதான். உங்கள் மேசையில் சரியாகச் சாப்பிட்டவர் அப்பா. பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

இனி அம்மா.

வசாபி தெரிந்த உங்களுக்கு மாசி தெரியவில்லை. அதற்காக உங்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, வெயிலில் மரக்கட்டைபோல் இறுகும்வரை காயவைப்பது மாசி. மாலத்தீவில் செய்வார்கள், மினிக்காயில் செய்வார்கள். இலங்கையில் அது இல்லாமல் தேங்காய்ச் சம்பல் இல்லை, தேங்காய்ப்பால் சொதி இல்லை. ஜப்பானியர்கள் அதே மீனை அதேபோல் வேகவைத்துப் புகைபோட்டு, மேலே பூஞ்சணம் படியவிட்டுப் பலமுறை காயவைக்கிறார்கள். கட்சுவோபுஷி என்று பெயர். தச்சரின் இழைப்புளி மாதிரி ஒன்றில் சீவி, கொம்பு என்ற கடற்பாசியோடு வெந்நீரில் போட்டு இறக்கிய சாறுதான் மிசோ சூப்பின் அடித்தண்ணீர். அந்தக் கடற்பாசியின் ருசி எது என்று தேடிக் கண்டுபிடித்து 1908-இல் உமாமி என்று பெயர் வைத்தார் ஜப்பானிய வேதியியலாளர் இக்கேதா. 1913-இல் அவருடைய சீடர் கோதாமா, மீனில் உள்ள ருசிப்பொருளைப் பிரித்தெடுத்தார். உங்கள் அம்மா கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய் ஒரே நொடியில் சொன்னதை நீங்கள் 'ஏதோ' என்று எழுதுகிறீர்கள்!

நானும் டான்டீ லைன் வீட்டில் வளர்ந்தவன்தான். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, மலையேறி வந்தவர்களின் நடுவே. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தானே அந்தத் தோட்டங்களைப் போட்டார்கள். அடுத்த வீட்டில் ஓர் அம்மாயி இருந்தார். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர். வரும்போது சேலை மடிப்புக்குள் மூன்று துண்டு மாசி. கூடலூர்ச் சந்தையில் நெத்திலிக் கருவாடு கிடைக்கும், வாளை கிடைக்கும்; மாசி என்று கேட்டால் கடைக்காரர் மாதத்தைச் சொல்கிறாரோ என்று பார்ப்பார். அம்மாயி இரண்டு துண்டை இடித்துச் சம்பலாக்கித் தீர்த்துவிட்டார். மூன்றாவது, பால்மாவு டப்பாவுக்குள் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை சொதியில் அதை முழுதாகப் போடுவார். ஒரு கொதி வந்ததும் கரண்டியால் எடுத்து, கழுவி, அடுப்பு மேட்டில் காயவைத்து, மறுபடி டப்பாவில். அந்த ஒரு துண்டு எத்தனை ஞாயிறு கொதித்தது என்று எனக்குக் கணக்கில்லை. மழைக்காலத்தில், சுவரெல்லாம் ஓதம் ஏறி நிற்கும்போது, அந்த வாசனை எங்கள் வீட்டுக்குள் வரும். நான் தட்டை எடுத்துக்கொண்டு போய் நிற்பேன். "வாடா ராசா, தண்ணியாத்தான் இருக்கு" என்பார்.

ஜப்பானியச் சமையலிலும் சீவலை ஒருமுறை சாறெடுத்துவிட்டு எறிந்துவிடுவதில்லை. இரண்டாம் சாறு என்று ஒன்று உண்டு. இதைப் படித்த அன்று அம்மாயியின் டப்பாவைப் பரணில் தேடினேன். அவர் போன பிறகு என் தாயார் வாங்கி வைத்திருந்தார். உள்ளே ஊசிகளும் பொத்தான்களும்தான். ஆனாலும் முகர்ந்து பார்த்தேன்.

ஐம்பது வயதுக்கு மேல் சென்னையில் ஒரு சிறிய ஜப்பானியக் கடையில் முதன்முதலாக அந்தச் சூப்பைக் குடித்தேன். அம்மாயியின் அடுப்படி. பரிமாறிய இளைஞரிடம், இந்த மீன் துண்டு ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். சமையலறைக்குள் போய் ஒரு பொடிப் பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினார். மேலே மீன் படம் போட்டிருந்தது. அதையும் முகர்ந்தேன்.

நீங்கள் காசைப் பற்றிக் கேட்டீர்கள். ஜப்பானியர்கள் பஃபேயை 'வைக்கிங்' என்கிறார்கள். 1958-இல் டோக்கியோ இம்பீரியல் ஓட்டல் தொடங்கிவைத்த பெயர். கொள்ளையடிக்கப் போன கடலோடிகளின் பெயர் உங்கள் கேள்விக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. விலை உயர்ந்ததை முதலில் எடு, சோற்றில் வயிற்றை நிரப்பாதே என்று கணக்குப் போட்டுத் தட்டை அம்பாரமாக்கி, பாதியைக் குப்பைக்கு அனுப்புகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்தக் குப்பையில் போகிற முட்டைக்கோசும் கேரட்டும் நம் மலையில் பனியில் நின்று பிடுங்கி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கியவையாக இருக்கலாம். உங்கள் அம்மா ஒரு பருக்கை வீணாக்கவில்லை. தனக்கு வேண்டியதை எடுத்தார், மீண்டும் போய் எடுத்தார், மூன்றாம் முறையும் போனார். 1,900 ரூபாய்க்கு அந்த மண்டபத்தில் வேறு யாருக்காவது இவ்வளவு கிடைத்திருக்குமா? நஷ்டம் என்று இன்னொரு முறை எனக்கு எழுதாதீர்கள்.

தூத்துக்குடியில் மாசிக் கருவாடு கிடைக்கிறது. கால் கிலோ வாங்கி அம்மா கையில் கொடுங்கள். எதுவும் கேட்காமல் அடுப்படியில் நில்லுங்கள், அவரே பேசுவார். பேசும்போது, இலங்கையில் எந்தத் தோட்டம் என்று மட்டும் கேட்டு எனக்கு எழுதுங்கள். ஹட்டன் பக்கம் என்றால், இடது புருவத்தின் மேல் தழும்புள்ள, பாட்டுப் பாடிக்கொண்டே கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணைத் தெரிந்த குடும்பமாக இருக்கலாம்.