இடுப்பு ஸ்கேன் நார்மல், கால் மட்டும் ஏன் தடுமாறுகிறது?

வாசகர் கேள்வி – மருத்துவர் குழு பதில்
இந்த இதழில்: தண்டுவடக் கட்டிகள்

கேள்வி: கணவருக்கு வயது 46. ரப்பர் பால்வெட்டு வேலை. ஏழு மாதமாக நடு முதுகில் வலி; படுத்தால்தான் கூடுகிறது. ஆசானிடம் (வர்ம வைத்தியரிடம்) எண்ணெய் போட்டுத் தடவினோம். இரண்டு நாள் சுகம், பிறகு பழையபடி. இப்போது விடியுமுன் தோட்டத்துக்குப் போகும்போது கால் தடுமாறுகிறது. வெளிச்சம் வந்த பிறகு அவ்வளவு இல்லை. இடுப்பு எம்.ஆர்.ஐ.யில் தட்டு லேசாகப் பிதுங்கியிருக்கிறது, மற்றபடி நார்மல் என்றார்கள்.
— வாசகி, குலசேகரம்

பதில்: இருட்டில் தடுமாறுகிறார், வெளிச்சத்தில் சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, முக்கியமான தடயம் அதுதான். கால் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற செய்தி தண்டுவடத்தின் பின்பக்க நரம்புப் பாதை வழியாக மூளைக்குப் போகிறது. அந்தப் பாதை நசுங்கினால் அவர் கண்ணால் பார்த்துத்தான் காலை வைக்கிறார். வெளிச்சம் போனால் கண்ணின் துணையும் போய்விடுகிறது. வீட்டிலேயே இரண்டு விஷயம் கவனியுங்கள். கண்ணை மூடி முகம் கழுவும்போது ஒரு பக்கம் சாய்கிறாரா? நடக்கும்போது செருப்பு கழன்றதே தெரியாமல் நாலு அடி போய்விடுகிறாரா? மார்பையோ வயிற்றையோ சுற்றி வேட்டியை இறுக்கிக் கட்டியது போன்ற உணர்வு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அடுத்து, அந்த ஸ்கேன். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதியின் முதல், இரண்டாம் முள்ளெலும்பு, அதாவது எல்1, எல்2 அளவில் முடிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பவை நரம்பு வேர்கள் மட்டுமே. எனவே இடுப்புக்கு மட்டும் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடத்தின் வால்நுனிதான் தெரியும். கோளாறு நெஞ்சு மட்டத்திலோ கழுத்திலோ இருந்தால் அந்தப் படத்தில் அகப்படவே அகப்படாது. நாற்பதைத் தாண்டிய உழைப்பாளியின் இடுப்பில் தட்டுப் பிதுக்கம் இல்லாதிருந்தால்தான் ஆச்சரியம். அதன் மேல் பழியைப் போட்டு உட்கார்ந்துவிடுவதால்தான் பலருக்கு மாதக்கணக்கில் நாள் வீணாகிறது.

1887-ல் லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி முதன்முதலாகத் தண்டுவடக் கட்டியை வெற்றிகரமாக எடுத்தபோதும் இதே கதைதான். முதலில் திறந்த இடத்தில் கட்டி இல்லை. இன்னும் மேலே ஓர் எலும்பை எடுத்த பிறகே கண்ணில் பட்டது. படுத்த படுக்கையாக இருந்த அந்த நோயாளி பிறகு நடந்தார்.

நீங்கள் கேட்க வேண்டியது முழு முதுகெலும்பு எம்.ஆர்.ஐ., கான்ட்ராஸ்ட் மருந்துடன். அதற்கு முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அறிய, ரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பார்கள். உடம்பில் பேஸ்மேக்கர், பழைய உலோகத் துண்டு ஏதும் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நரம்பியல் மருத்துவர் முட்டியில் தட்டி, உள்ளங்காலைக் கீறிப் பார்ப்பார். கோளாறு தண்டுவடத்திலா, அதற்குக் கீழா என்பது அந்த இரண்டு நிமிடத்திலேயே பெரும்பாலும் பிடிபடும். முடிவு கட்டியாகத்தான் இருக்கும் என்றில்லை. கழுத்துத் தேய்மானம், பி12 குறைபாடு, எலும்புக் காசநோய் இவையும் இதே மாதிரி ஆரம்பிக்கும். காசநோய் நம் நாட்டில் கட்டியாகவே வேடம் போடும். ஆகவே படத்தில் எலும்பு அரித்துத் தெரிந்தால், பயாப்சி (துணுக்கு எடுத்துச் சோதிப்பது) பார்த்த பிறகே மருந்தை முடிவு செய்ய வேண்டும்.

ஆசான்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. தசைப்பிடிப்புக்குத் தடவல் சுகம் தரும்தான். ஆனால் தூக்கத்தைக் கலைக்கும் முதுகுவலியோடு கால் தடுமாற்றமும் சேர்ந்துவிட்டால், காரணம் தெரியும்வரை முதுகெலும்பை மிதிப்பது, முறுக்குவது, சொடுக்குவது எதுவும் கூடாது. சிறுநீர் வராமல் அடைத்தாலோ, கால் பலம் இரண்டொரு நாளில் குறைந்தாலோ, ஓ.பி. சீட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: அக்காவுக்கு (வயது 55) டி8, அதாவது நெஞ்சுப் பகுதியின் எட்டாவது முள்ளெலும்பு மட்டத்தில் தண்டுவட உறைக்குள்ளே, ஆனால் தண்டுவடத்துக்கு வெளியே கட்டி என்று ரிப்போர்ட். ஆபரேஷன் செய்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள்.
— வாசகர், தக்கலை

பதில்: கட்டி எந்த அறையில் இருக்கிறது என்பதுதான் பாதி விடை. உறைக்குள், தண்டுவடத்துக்கு வெளியே என்றால் பெரும்பாலும் தண்டுவட உறையில் முளைக்கும் மெனிஞ்சியோமா அல்லது நரம்பின் உறையில் முளைக்கும் ஷ்வானோமா. அக்காவின் வயதுப் பெண்களுக்கு நெஞ்சு மட்டத்தில் வருவது அதிகமும் மெனிஞ்சியோமா. பெரும்பாலும் புற்று அல்ல, மெல்ல வளரும், முழுதாக எடுத்துவிட முடிவதும் வழக்கம். இங்கே ஆபரேஷனைத் தள்ளிப் போடுவதில்தான் ஆபத்து. நடந்து வரும் நோயாளி நடந்து வீடு திரும்ப வாய்ப்பு அதிகம்.

தண்டுவடத்துக்குள்ளேயே முளைக்கும் கட்டிகளின் கதை வேறு. பெரியவர்களுக்கு எபெண்டிமோமா, குழந்தைகளுக்கு ஆஸ்ட்ரோசைட்டோமா அதிகம். அவற்றை எடுக்கத் தண்டுவடத்தையே நடுக்கோட்டில் பிளந்து இறங்க வேண்டும். எபெண்டிமோமா பெரும்பாலும் விளிம்பு பிரிந்து வந்துவிடும். ஆஸ்ட்ரோசைட்டோமா நரம்போடு பின்னிக்கிடப்பதால், முழுதும் எடுக்க முனைவதே கேடாக முடியலாம். இவர்களுக்கு ஆபரேஷன் முடிந்த கையோடு கால் முன்னைவிட மோசமாவதும், வாரங்கள், மாதங்களில் மெல்லத் தேறுவதும் உண்டு. இதை முன்பே சொல்லாவிட்டால் வீட்டார் உடைந்துபோவார்கள்.

மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: ஆபரேஷன் நடக்கும்போதே நரம்பு ஓட்டத்தைக் கண்காணிக்கும் கருவி உண்டா? தண்டுவடத்துக்குள் இருக்கும் கட்டி என்றால் அந்த வசதி இல்லாத இடத்தில் செய்துகொள்ள நாங்கள் சொல்ல மாட்டோம். இங்கிருந்து எழுபது கிலோமீட்டருக்குள் திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. இரண்டாவது கருத்துக்கும் போகலாம். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்கள் உள்ள சி.டி.யையும் கொண்டு போங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு கட்டு தெளிந்த தண்ணீரால் நனைந்தாலோ, எழுந்தால் மண்டை பிளந்து படுத்தால் குறைந்தாலோ அது மூளைத் தண்டுவட நீர்க் கசிவு. கூடவே காய்ச்சலும் வந்தால் ஒரு இரவுகூடப் பொறுக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் கடற்கரைக் கறுப்பு மணலின் கதிர்வீச்சால்தான் இந்தக் கட்டிகள் வருகின்றனவா?
— வாசகர், மணவாளக்குறிச்சி

பதில்: மோனசைட் மணலில் தோரியம் இருப்பதும், அதனால் இயற்கைக் கதிர்வீச்சு கூடுதலாக இருப்பதும் உண்மை. இதே வகை மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில், அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அது தண்டுவடக் கட்டியை மட்டும் பார்த்த ஆய்வு அல்ல. ஆனாலும் மணலைக் குற்றவாளியாக்க இன்றைக்குச் சான்று இல்லை.

கேள்வி: அம்மாவுக்கு நான்கு வருடம் முன்பு மார்பகப் புற்றுநோய். இப்போது முதுகெலும்பில் பரவித் தண்டுவடத்தை அழுத்துகிறதாம். கரன்ட் (கதிர்வீச்சு) வைப்பதா, ஆபரேஷனா? ஸ்டீராய்டு தொடங்கியதும் சர்க்கரை எகிறிவிட்டது, நிறுத்திவிடலாமா?
— வாசகர், கொல்லங்கோடு

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது. டெக்ஸாமெத்தசோன் என்ற அந்த ஸ்டீராய்டு தண்டுவட வீக்கத்தை வற்றவைத்துக் காலைக் காக்கிறது. திடீரென்று விட்டால் வீக்கம் திரும்பும், ரத்த அழுத்தமும் விழலாம். படிப்படியாகக் குறைப்பது மருத்துவர் வேலை. காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். இந்த மருந்தில் மதியத்துக்கு மேல்தான் ஏறும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மாத்திரையைக் காலையிலேயே, சாப்பிட்ட பிறகு கொடுத்தால் இரவுத் தூக்கமும் கெடாது.

2005-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரே இடத்தில் அழுத்தம் இருந்தவர்களில் ஆபரேஷனும் கதிர்வீச்சும் பெற்றோரில் 84 சதவீதம் பேர் நடந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றோரில் 57 சதவீதம். அம்மாவின் உடல் தாங்குமா, பல இடங்களில் பரவியிருக்கிறதா என்பதைப் பொறுத்தே ஆபரேஷன். தாங்காது என்றால் கதிர்வீச்சு மட்டும்: ஒரே நாளில் 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), ஐந்து நாளில் 20, பத்து நாளில் 30 என மூன்று விதமும் வழக்கத்தில் உண்டு. தூரத்திலிருந்து தூக்கிக்கொண்டு வர வேண்டிய வயதானவருக்கு ஒரே நாள் முறை பொருந்துமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து அண்ணன் வீட்டில் இருக்கிறார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சிறுநீர் தானாகச் சொட்டுகிறது. உட்காரக் காற்றடைத்த டியூப் வாங்கிக் கொடுத்தோம்.
— வாசகி, குளச்சல்

பதில்: அந்த டியூபைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் ரத்த ஓட்டத்தை அழுத்தி, நடுவில் உள்ள தோலைப் பட்டினி போடும். கனமான ஃபோம் மெத்தையே மேல். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புங்கள். முட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணை. குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று. உட்கார்ந்திருந்தால் பதினைந்து நிமிடத்துக்கொருமுறை கையூன்றிப் பிட்டத்தைத் தூக்க வேண்டும். காலையும் மாலையும் வால் எலும்பு, இடுப்பு முனை, குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது. மாநிறத் தோலில் சிவப்பு தெரியாது. அங்கே சூடு, கெட்டித்தன்மை, கருத்த நிறம் இவற்றைப் பாருங்கள். அந்த இடத்தில் எண்ணெய் தேய்க்காதீர்கள், பாரத்தை எடுங்கள். வெந்நீர்ப் பை பக்கத்திலேயே வரக்கூடாது.

சிறுநீர் சொட்டுவதால் பை காலியாகிறது என்று நினைக்க வேண்டாம். நிரம்பி வழிவதும் அப்படித்தான் இருக்கும். தேங்கும் சிறுநீர் கிருமியை வளர்க்கும். நாளடைவில் சிறுநீரகத்தையே கெடுக்கும். சிறுநீர் கழித்த பின் எவ்வளவு தேங்குகிறது என்று ஒரு அல்ட்ராசவுண்டு பாருங்கள். தேங்கினால் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் விட்டு எடுப்பதுதான் நல்ல வழி. கை பலமாக இருப்பதால் அவரே கற்றுக்கொள்ளலாம். சோப்பு போட்டுக் கை கழுவி, உறுப்பையும் கழுவி, ஜெல்லி தடவிய குழாயை மெல்லச் செலுத்தி, சிறுநீர் வந்ததும் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, முழுதும் வடிந்த பிறகு மெதுவாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். 500 மில்லிக்கு மேல் வந்தால் இடைவெளியைக் குறையுங்கள். குழாய் தொல்லைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு.

ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம் வந்தால் அதை நீவக்கூடாது, ரத்தக்கட்டியாக இருக்கலாம். உடனே காட்டுங்கள்.

வீட்டுக்கே வரும் பிசியோதெரபிக்கு உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதியுங்கள். தங்கிப் பயிற்சி பெறத் தென்காசி பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் இருக்கிறது. முதுகுத்தண்டு பாதிப்போடு வாழ்பவரே தொடங்கிய இடம் அது.

கேள்வி: செலவுக்கு என்ன வழி? புதிய மருந்து ஏதும் வந்திருக்கிறதா?
— வாசகர், இரணியல்

பதில்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. எண் 1800 425 3993. அட்மிட் ஆவதற்கு முன்பே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். கட்டணம் கட்டிவிட்டு ரசீதோடு போய் நிற்பதால்தான் பலர் கைக்காசை இழக்கிறார்கள். புற்றுநோய் என்று சான்று இருந்தால் சிகிச்சைக்குப் போகும் ரயில் பயணத்தில் நோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் சலுகை உண்டு. மெனிஞ்சியோமா போன்ற சாதாரணக் கட்டிக்கு இது கிடைக்காது. பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் நிலைத்துவிட்டால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

மருந்து விஷயத்தில், வி.எச்.எல். என்ற பரம்பரைக் கோளாறால் வரும் ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா என்ற ரத்தக்குழாய்க் கட்டிக்கு பெல்சுட்டிஃபான் மாத்திரையை அமெரிக்கா 2021-ல் அனுமதித்தது. மற்றபடி ஆராய்ச்சி இன்று கட்டியின் மரபணுவைப் படிப்பதில்தான் வேகமாக ஓடுகிறது. மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு எபெண்டிமோமாக்களில், எம்.ஒய்.சி.என். மரபணு பெருகிய வகை மிக வேகமாகப் பரவும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அதைத் தனி வகையாகவே பிரித்துவிட்டது. ஆகவே பயாப்சி ரிப்போர்ட் வாங்கும்போது மெழுகில் பதித்த கட்டித் துண்டையும், அதாவது பாரஃபின் பிளாக்கையும், கையெழுத்திட்டு வாங்கி வீட்டில் வெயில் படாத இடத்தில் வையுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு புதிய சோதனை வேண்டியிருந்தால் மறுபடி முதுகைத் திறக்காமல் அதிலிருந்தே செய்யலாம்.