பரிசோதனையில் எல்லாம் நார்மல், ஆனாலும் உடலுறவின்போது வலிக்கிறது. காரணம் மனசுதானா?

"எல்லாம் மனசுதான்" என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். டாக்டரோ, வீட்டுக்காரரோ. இல்லாவிட்டால் கேள்வியே இப்படி வந்திருக்காது. எனக்கும் சொன்னார்கள். அந்தக் கடுப்பு இன்னும் போகாததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. "உடல் காரணங்களை விட்டுவிட்டீர்களே" என்று யாரும் பாய்ந்து வரவும் வேண்டாம். தொற்று, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் மாதிரித் திசு வெளியே வளர்வது), பிரசவத் தையல், தாய்ப்பால் கொடுக்கும்போதும் மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜன் குறைந்து வரும் வறட்சி என்று எத்தனையோ இருக்கிறது. யோனியின் வாயிலில் மட்டும் தொட்டாலே எரிகிற பிரச்சினையும் உண்டு, அது ஸ்கேனில் தெரியாது. பஞ்சுக் குச்சியால் வாயிலைச் சுற்றி மெல்லத் தொட்டுப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். உங்களுக்கு அதைச் செய்தார்களா? நுழையும்போதே வலிக்கிறதா, உள்ளே ஆழத்தில் வலிக்கிறதா என்றாவது கேட்டார்களா? கேட்காமலே 'நார்மல்' என்று சொல்லியிருந்தால் அந்த நார்மலை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு ஆரம்பத்தில் வலி கிடையாது. ஒரு பூஞ்சைத் தொற்று வந்தது, மருந்து போட்டேன், போய்விட்டது. வலி மட்டும் போகவில்லை. மறுபடி பரிசோதித்ததில் ஒன்றுமில்லை. அப்போதுதான் அந்த டாக்டரம்மா பேனாவை மூடிக்கொண்டே, "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, எல்லாம் மனசுதான். ரிலாக்ஸா இருங்க" என்றார். ரிலாக்ஸாக இரு என்று சொல்லி இதுவரை யாராவது ரிலாக்ஸ் ஆகியிருக்கிறார்களா?

அவர் சொன்னது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் காதில் விழுந்தது 'நீ நடிக்கிறாய்' என்றுதான். பிறகு போன இடத்தில் ஒரு சைக்காலஜிஸ்ட்தான் விளக்கினார். முதல் வலிக்குக் காரணம் தொற்று. அதற்கப்புறம் உடம்பு வலியை எதிர்பார்க்கப் பழகிக்கொண்டது. எதிர்பார்த்தால் பயம், பயந்தால், கருப்பையையும் மூத்திரப்பையையும் அடியிலிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் தாமாகவே இறுகும். பயத்தில் பாலியல் கிளர்ச்சி வராது, கிளர்ச்சி இல்லாவிட்டால் ஈரம் வராது. வறண்ட, இறுகிய இடத்தில் உரசினால் வலிக்காமல் என்ன செய்யும்? அந்த வலி அடுத்த பயத்துக்குச் சாட்சி. தொற்று எப்போதோ போய்விட்டது, இந்தச் சுற்று மட்டும் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், வலிக்குப் பயந்து தவிர்க்கத் தவிர்க்க வலி கூடுகிற இந்தப் பயம்-தவிர்ப்புச் சுற்றை ஆராய்ச்சியாளர்கள் முதலில் விவரித்தது முதுகுவலிக்காரர்களை வைத்து. அதே சமயத்தில் என் கணவருக்கும் முதுகுவலி. குனியப் பயந்து பயந்தே அதிகமாக்கிக்கொண்டார். பார்க்க வந்தவர்கள் தலையணை வைத்துவிட்டுப் போனார்கள். "எல்லாம் மனசுதான்" என்று அவரிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. உடல் உணர்வோடு மன உணர்வும் சேர்ந்த அனுபவம்தான் வலி என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கமே வரையறுத்திருக்கிறது. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதையும் 2020இல் அதன் குறிப்புகளில் சேர்த்தார்கள்.

தசை இறுகுவதை நான் நம்பவே இல்லை, பிசியோதெரபிஸ்ட் காட்டும்வரை. படுக்கச் சொன்னார். இன்னும் தொடக்கூட இல்லை, கையுறையைப் போட்டுக்கொண்டு, "இப்ப உங்க தோள் எங்க இருக்கு?" என்றார். காதுக்குப் பக்கத்தில் இருந்தது. கால் விரல்கள் மடங்கியிருந்தன, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இதெல்லாம் எனக்கே தெரியாது. "கீழயும் இதேதான் நடக்குது, அங்க உங்களால பாக்க முடியல, அவ்வளவுதான்" என்றார். நெதர்லாந்தில் பெண்களுக்குப் பயமுறுத்தும் படக்காட்சிகளைக் காட்டித் தசைகளை அளந்திருக்கிறார்கள். 2001இல் வந்த ஆய்வு. செக்ஸே இல்லாத பயமுறுத்தும் காட்சிக்கும் இடுப்புத்தளம் இறுகியது, கூடவே தோள்பட்டைத் தசையும். இந்த வலிப் பிரச்சினையே இல்லாத பெண்களுக்கும் அப்படித்தான். அடி விழப்போகிறது என்றால் கண் தானாக மூடிக்கொள்ளவில்லையா, அந்த மாதிரி.

"சின்ன வயசுல ஏதாவது நடந்ததா?" என்று என்னிடமும் கேட்டார்கள். கேட்பது சரிதான். சிலருக்கு நடந்திருக்கும், அவர்களுக்கு அதற்கான சிகிச்சை தனியாக வேண்டும். எனக்கு அப்படி எதுவும் இல்லை. ஒன்றும் நடக்காதவர்களுக்கும் இது வரும். உங்களுக்கு நினைவில் எதுவும் இல்லையென்றால் தோண்டித் தோண்டித் தேடாதீர்கள்.

கொஞ்சம் விலகிப் போகிறேன். இந்த மாதிரிப் பிரச்சினையோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், வரவேற்பு மேசையில், இத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது, "என்ன பிராப்ளம்?" என்று ஏன் சத்தமாகக் கேட்கிறார்கள்? நான் "வயித்து வலி" என்றேன். சீட்டில் அதையே எழுதினார்கள், உள்ளே போனதும் வயிற்றைத்தான் அமுக்கிப் பார்த்தார்கள். ஒரு தாளைக் கொடுத்து நீங்களே எழுதுங்கள் என்றால் என்ன குறைந்துபோகும்?

சரி, கணவர் விஷயம். அவரைக் குறை சொல்லவில்லை, நல்ல மனுஷன். அதுவே ஒரு தொந்தரவாக இருந்தது. நொடிக்கொரு தரம் "வலிக்குதா, வலிக்குதா" என்பார். கேட்கக் கேட்க என் கவனம் முழுக்க அந்த இடத்திலேயே போய் நிற்கும். கனடாவில் தம்பதிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், எரிச்சல்படும் துணை மட்டுமல்ல, அளவுக்கு மீறிப் பதறும் துணை இருந்தாலும் பெண்ணுக்கு வலி அதிகமாகவே பதிவாகியிருக்கிறது. வலிக்காத நெருக்கத்தை ஊக்கப்படுத்தும் துணை இருந்தால் குறைவு. தெரபிஸ்ட் போட்ட முதல் விதியே, சிகிச்சை முடியும்வரை உடலுறவு கிடையாது என்பதுதான். அதைக் கேட்டதும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. கட்டிப்பிடித்தால் அது எங்கே போய் முடியுமோ என்ற பயமே போய்விட்டது.

மற்றதெல்லாம் பொறுமையாகச் செய்கிற வேலை. மூச்சை வயிற்றுக்கு இறக்கி இடுப்புத்தளத்தைத் தளர்த்தப் பழகுவது, நிறைய லூப்ரிகன்ட்டோடு சின்ன டைலேட்டரில் (யோனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குகிற வழவழப்பான குழாய்) தொடங்கி, அது சலிப்பாகத் தோன்றும்போது அடுத்த அளவுக்குப் போவது, வலி கூடினால் நிறுத்துவது. அதோடு, 'இனி சரியாகவே ஆகாது', 'இவர் என்னை விட்டுப் போய்விடுவார்' மாதிரி எண்ணங்களை சைக்காலஜிஸ்ட்டோடு உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பது. யாராவது கெகல் பயிற்சி செய்யச் சொன்னால் யோசியுங்கள். அது சிறுநீர்க் கசிவுக்காக, தளர்ந்த தசையை இறுக்க அர்னால்ட் கெகல் 1948இல் எழுதிய முறை. ஏற்கெனவே இறுகிக் கிடப்பதை இன்னும் இறுக்கி என்ன பயன்? எனக்கு அதில் வலி கூடியது.

எனக்கு இப்போது பெரும்பாலும் வலி இல்லை. உங்களுக்கும் இப்படியே நடக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. கைனகாலஜிஸ்ட், பிசியோதெரபிஸ்ட், சைக்காலஜிஸ்ட் மூவரும் ஒரே இடத்தில் கிடைத்தால் அங்கே போங்கள். உள்பரிசோதனையை 'நிறுத்துங்க' என்று சொன்னதும் நிறுத்துகிற டாக்டராகப் பாருங்கள்.

இன்பாக்ஸில் வந்து "இன்னும் விவரமா சொல்லுங்க சிஸ்டர்" என்று கேட்கப்போகும் சகோதரர்களே, பிளாக்தான் செய்வேன்.